கல்லில்லாத ஊரில் களப்பயணம்

கல்லூரியில் நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்களை அரியலூருக்குக் களப்பயணம் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் வெயிலில் புதைபடிவம் பொறுக்கினோம். நான்காம் நாள் தரங்கம்பாடிக் கடற்கரை. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது காவிரி டெல்டா. பேருந்து அணைக்கரைப் பாலத்தைத் தாண்டியதும் கூட வந்த பேராசிரியர் எழுந்து நின்று, "இனிமே கடல் வர்ற வரைக்கும் பார்க்க ஒண்ணுமில்ல, தூங்குறவங்க தூங்கலாம்" என்றார். நான் பிறந்து வளர்ந்த ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது. கோபம் வந்ததா என்றால் இல்லை. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் அம்மிக்கல்கூட வெளியூர்ச் சரக்கு. கல்லே இல்லாத இடத்தில் நிலவியலுக்கு என்ன வேலை?

படிப்பை முடித்து, கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்கிற வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய நட்டம் என்று தெரிந்தது. நிலவியல் பொறியியல் படிக்கிறவர்களுக்கு டெல்டாவைவிட நல்ல வகுப்பறை தமிழ்நாட்டில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்த கணக்குதான். ஆனாலும் காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். நிலவியலாளர் ஒரு பாறையைப் பார்த்தால் "இது எப்படி, எப்போது உண்டானது?" என்று கேட்பார். நிலவியல் பொறியாளருக்கு அது பாதிக் கேள்விதான். இதன்மேல் ஓர் அணையை வைத்தால் தாங்குமா, அடியில் தண்ணீர் கசியுமா, மழையில் சரியுமா, தோண்டினால் சுவர் நிற்குமா என்பதெல்லாம் மீதிப் பாதி. துருக்கி, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது தனிப் பட்டமாகவே இருக்கிறது. நம் பக்கம் அந்தப் பெயரில் படிப்பு அரிது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் தொழில்நுட்பத்தையும் புவித்தகவலியலையும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். மற்றபடி நிலவியல் மாணவர்கள் ஒரு தாளாகவும் சிவில் மாணவர்கள் ஒரு தாளாகவும் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

பாடம் இப்படி இருக்க, களப்பயணம் மட்டும் பழைய வழக்கத்திலேயே ஓடுகிறது. பாறை தெரிகிற இடமாகப் பார்த்துப் போவது. சுத்தியலால் தட்டுவது, பிரண்டன் காம்பஸை வைத்து ஸ்ட்ரைக்கும் டிப்பும் (பாறை அடுக்கு ஓடும் திசையும் அதன் சாய்வும்) எடுப்பது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டு சுண்ணாம்புக்கல்போல நுரைக்கிறதா என்று பார்ப்பது, குழுப் படம் எடுத்துக்கொள்வது. அதற்கு அரியலூர்–பெரம்பலூர் பக்கம் உலகத்தரமான இடம், மறுப்பதற்கில்லை. காரை என்ற ஊரின் களிமண் பள்ளங்களில் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்) கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்ட், ஸ்டோலிச்கா என்ற நிலவியலாளர்கள் இந்தப் பகுதியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். எழுதி எழுதித் தேய்ந்த இடம். அதை விட்டுவிட்டு டெல்டாவுக்கு வருவோம்.

டெல்டாவைப் பார்க்கிற முறையைத் தண்ணீரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். தலைமடையில் தொடங்கிக் கடைமடையில் முடிக்க வேண்டும். திருச்சி கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பகோணம் 25 மீட்டர் அளவில். அங்கிருந்து கடலுக்கு இன்னும் 50 கிலோமீட்டர் போல. அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. கண்ணுக்குத் தெரியாத சரிவு இது. சைக்கிளில் போனால் காலுக்கும் தெரியாது. ஆனால் ஆற்றுக்குத் தெரியும், வாய்க்கால் வெட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் காலையில் மாணவர் கையில் உயர வேறுபாட்டை அளக்கும் ஒரு லெவல் கருவியைக் கொடுத்து, வாய்க்கால் கரையில் ஒரு கிலோமீட்டர் அளக்கச் சொன்னால், 'தட்டையான நிலம்' என்று வாழ்நாளில் மறுபடி எழுத மாட்டார்.

முதல் நிறுத்தம் முக்கொம்பு. காவிரி இங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் என்ற பெயரே வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் வந்தது என்பார்கள். அது நேராக, கொஞ்சம் செங்குத்தாக, குறுகிய வழியில் கடலுக்கு ஓடுகிறது. காவிரியோ வளைந்து நெளிந்து, கிளைகளுக்கெல்லாம் பங்கு கொடுத்துக்கொண்டே போகிறது. இயற்கையின் கணக்கில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? குறுக்கு வழியில்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. விட்டிருந்தால் ஆறு முழுவதும் கொள்ளிடத்துக்கு மாறியிருக்கும், தஞ்சை வயல்கள் காய்ந்திருக்கும்.

ஆறுகள் இப்படித் தடம் மாறுவது டெல்டாக்களின் இயல்பு. ஒரு பக்கம் வண்டலைக் கொட்டி மேடாக்கும், மேடான பிறகு பள்ளமான பக்கத்துக்குத் தாவும், பிறகு அந்தப் பக்கத்தையும் மேடாக்கும். டெல்டா விசிறிபோல் விரிவதே இந்தத் தாவல்களால்தான். 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி அந்தத் தாவலை நிறுத்தினார். சரியாகச் சொன்னால், ஒத்திவைத்தார். அதோடு விஷயம் முடியவில்லை. அணை வந்த பிறகு காவிரிப் பக்கம் தண்ணீர் அளவுக்கு மேல் பாய ஆரம்பித்தது. அந்தப் பக்கத் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு தரைச்சுவர் போட வேண்டியதாயிற்று. ஓர் இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் ஆறு பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூணும் சரிந்தது. மணல்மேல் கட்டியவை சாய்வதற்குப் பெரும்பாலும் மேலே இருக்கிற பளு காரணமாவதில்லை. அடியிலும் பின்னாலும் தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு போவதால்தான் ஆபத்து. மதகைத் தாண்டி விழுகிற நீர் அடித்தளத்துக்குக் கீழே குழி பறிக்கும். ஆற்றுப்படுகையே தாழ்ந்துவிட்டால் குழி இன்னும் சீக்கிரம் ஆழமாகும். மணல் அள்ளுவதால் படுகை தாழ்ந்ததுதான் காரணமா, மதகுகளின் வயதா, இரண்டும் சேர்ந்தா என்று அப்போது ஊரெல்லாம் வாதிட்டார்கள். இப்போது புதிய கதவணை நிற்கிறது. மாணவர்கள் அதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கீழ்ப்பக்கம் இறங்கி, தண்ணீர் விழுகிற இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள், எவ்வளவு தூரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அணையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து கல்லணை. கரிகாலன் கட்டியது, சுமார் 2,000 ஆண்டுப் பழமை என்பதையெல்லாம் வழிகாட்டிகளே சொல்லிவிடுவார்கள். பொறியியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இங்கே எட்டுகிற ஆழத்தில் பாறை கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் மணல். அப்படியிருக்க இது எதன்மேல் நிற்கிறது?

காலம்காலமாகச் சொல்லிவரும் விடை இது: பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். நீரோட்டம் கல்லின் அடியில் மணலை அரிக்க, கல் தானாகவே இறங்கியது. இறங்கியதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கியது. இனி இறங்காது என்கிற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். இடையில் களிமண். நாமே கடலில் குளிக்கும்போது அலை பின்வாங்குகிற நேரத்தில் குதிகால் மணலில் புதைகிறதே, அதே வேலைதான். அடித்தளத்தைக் கெடுக்கிற அரிப்பையே அடித்தளம் போடுகிற கூலியாளாக மாற்றியிருக்கிறார்கள். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இங்கே கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். கோதாவரியில் அணை கட்டும்போது அந்தப் பாடம் அவருக்குக் கைகொடுத்தது.

கல்லணை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஸ்ரீரங்கம் தீவு முடிகிற இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வருகின்றன. காவிரி மேலே, கொள்ளிடம் கீழே. உள்ளாறு என்ற இணைப்பு ஓடை வழியாகக் காவிரி தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடும் இடம் அது. அந்த ஓட்டையைத்தான் அடைத்திருக்கிறார்கள். ஆறு தாவப் பார்க்கிற புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே கல் போட்டவருக்கு நிலவியல் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. மூன்றாவதை ஊரில் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது. மாணவர்கள் அதன் கரையோடு தஞ்சாவூர் வரை போகட்டும். வழியில் மண்ணின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கருத்த வண்டல், தென்மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண், செம்புறாங்கல். இது காவிரி கொண்டுவந்ததல்ல. அதைவிட வெகு பழைய நிலம். அந்தப் பழைய மேட்டின் விளிம்பில்தான் தஞ்சாவூர் உட்கார்ந்திருக்கிறது. புது ஆறு பெரிய கோயிலை ஒட்டியே போய், பட்டுக்கோட்டை, பேராவூரணிச் செம்மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. 216 அடி விமானத்தைத் தூக்கி நிறுத்த இராஜராஜன் டெல்டாவின் நடுவே இடம் தேடவில்லை, விளிம்பில் தேடினான் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கோயிலுக்குள் போனால் பார்வையே வேறாக இருக்கும். கோயிலின் கருங்கல் அத்தனையும் தொலைவிலிருந்து இழுத்து வந்தது. (வல்லத்துப் படிகக்கல்லில் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். நிலவியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும். கேட்டுப்பார்த்திருக்கிறேன்.)

இனிக் கும்பகோணத்துக்குக் கிழக்கே. பேராசிரியர் தூங்கச் சொன்ன பகுதி.

இங்கே பார்க்க வேண்டியது காலுக்கடியில் இருக்கிறது, ஆகவே துளை போட வேண்டும். கட்டடம் வருகிற இடத்தில் மண் பரிசோதனை செய்பவர்கள் மூன்று கால் நாட்டி, கப்பி போட்டு, ஒரு சுத்தியலைத் தூக்கித் தூக்கி விடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 63.5 கிலோ எடை, 75 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். அடியில் இருக்கிற குழாய் 45 செண்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செண்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது துளை போட்டதில் கலங்கிய மண். கடைசி 30 செண்டிமீட்டருக்கு வாங்கிய அடிகளின் எண்ணிக்கைதான் என்-மதிப்பு. மணலில் அது 10க்குக் கீழே வந்தால் தளர்ந்த மணல், 50ஐத் தாண்டினால் மிக இறுகிய மணல். களியில் 4க்குக் கீழே என்றால் வெண்ணெய்போல இருக்கிறது என்று பொருள். ஐ.எஸ். 2131 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை நான்கு முறை படித்தாலும் ஒரு தடவை கயிற்றைப் பிடித்து இழுத்ததற்கு ஈடாகாது. ஒரே வயலில் இருபதடி தள்ளிப் போட்ட இரண்டு துளைகளில் ஒன்றில் மணலும் இன்னொன்றில் களியும் வரும்போது மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைப்பார். தப்பில்லை. ஒரு துளை பழைய ஆற்றுத்தடத்தில் விழுந்திருக்கிறது, மற்றது அந்த ஆற்றின் வெள்ளம் தேங்கி வடிந்த இடத்தில்.

எந்திரம் கிடைக்காவிட்டால் கையால் திருகி மண்ணைக் குடையும் துரப்பணம் போதும். அதுவும் இல்லாவிட்டால் மண்வெட்டி. கைப்பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டர் திரியாக உடையாமல் உருண்டால் களி. உதிர்ந்தால் வண்டலோ மணலோ. பல்லில் வைத்து நெறுநெறுவென்றால் நுண்மணல் கலந்திருக்கிறது. இது விளையாட்டாகத் தோன்றும், ஆனால் அனுபவப்பட்டவர்கள் இன்றும் செய்வது. கோடையில் வயல் வெடிப்புக்குள் கை நுழையும். தண்ணீர் வந்ததும் அதே மண் உப்பி மூடிக்கொள்ளும். இந்த உப்பலும் சுருக்கமும்தான் பல வீட்டுச் சுவர்களில் மூலைவிட்டமாக ஓடும் கீறலுக்குக் காரணம். வாஸ்துக் குறை என்று நினைத்து வாசலை மாற்றிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பழைய ஆற்றுத்தடங்களைக் கண்டுபிடிக்கச் செயற்கைக்கோள் படம் உதவும். ஊர்ப்பெயர்களும் உதவும். திட்டை, மணல்மேடு, இன்ன திடல், இன்ன படுகை என்று வரும் பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பல இடங்களில் சுற்றுவட்டாரத்தைவிட நாலடி மேடாக, மணற்பாங்காக இருக்கும். வெள்ளம் வந்தால் தப்பிக்கிற மேட்டில்தான் மக்கள் குடியேறியிருக்கிறார்கள். எல்லாப் பெயரும் அப்படி அமையாது. ஆனால் துளை போட இடம் தேர்ந்தெடுக்கும்போது பெயரைக் கேட்காமல் நான் போவதில்லை.

அப்புறம் பம்புசெட்டுக்குக் குழாய் இறக்குகிறவர்கள். டெல்டாவில் பில்டர் பாயிண்ட் (வடிகட்டி வைத்த குழாய்க்கிணறு) போடுகிற மேஸ்திரிக்கு, எந்தத் தெருவில் எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் நல்ல மணல், எங்கே தாண்டினால் உப்பு என்பதெல்லாம் மனப்பாடம். முப்பது ஆண்டு அனுபவம் தலைக்குள் இருக்கும், காகிதத்தில் ஒரு வரி இருக்காது. மாணவர்கள் ஒரு பகல் அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல வரைந்தால், அந்த வட்டாரத்தின் நிலத்தடி வெட்டுமுகம் கைக்கு வந்துவிடும்.

மண்ணுக்கும் கீழே என்ன? டெல்டாவில் பாறை இல்லை என்று ஆரம்பித்தேன், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாறை இருக்கிறது, ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்ட்வானாப் பெருநிலம் உடைந்து இந்தியா விலகியபோது இந்தக் கரை கீறிப் பிளந்து, சில துண்டுகள் கீழே இறங்கின, சில மேலேயே நின்றன. இறங்கியவை பள்ளங்கள், நின்றவை முகடுகள். பெயர்கள்தான் வேடிக்கை. கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு, காரைக்கால் முகடு, தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம். வயலும் வாய்க்காலுமாகத் தெரிகிற ஊர்களின் பெயர் தாங்கிய மலைகளும் பள்ளத்தாக்குகளும் கீழே இருக்கின்றன. பள்ளங்களில் படிவு கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருக்கிறது. அரியலூரில் வெளியே தெரிகிற அதே கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) அடுக்குகள் கிழக்கே சாய்ந்து இங்கே அடியில் தொடர்கின்றன. அங்கே கையால் தொட்டதன் தலைமேல் இங்கே நடக்கிறோம். பேருந்தில் தூங்கிப்போன நாங்கள் கோட்டைவிட்டது இந்தத் தொடர்பைத்தான்.

எண்ணெயும் எரிவாயுவும் கிடைப்பது இந்த அமைப்பால்தான். நரிமணம், கமலாபுரம், குத்தாலம் என்று ஓஎன்ஜிசி கிணறுகள் பல. நாகப்பட்டினத்துக்கு அருகே பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. மாதானத்தில் படிவுகளுக்கெல்லாம் கீழே இருக்கும் அடித்தளப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் 'அடித்தளத்தில் எண்ணெய் இருக்காது' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அது நல்ல அதிர்ச்சி.

இதே காரணத்தால் களப்பயணத்துக்கு ஒரு சங்கடமும் உண்டு. மன்னார்குடிப் பகுதி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து பெரிய கொந்தளிப்பு ஆனது. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தது, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அதில் தடை. இவ்வளவும் நடந்த மண்ணில் நாலு பேர் தொப்பியும் காம்பஸுமாக வயலில் இறங்கினால் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர்களுக்கு உதவியாகப் போனபோது, திருவாரூர்ப் பக்கம் ஒரு பெரியவர் வரப்பில் நின்று கேட்டார்: "எந்தக் கம்பெனி தம்பி? மீத்தேனா?"

"இல்லீங்கய்யா, காலேஜ் பசங்க. மண்ணப் பத்திப் படிக்கிறோம்" என்றான் ஒரு பையன்.

"அவங்களும் முதல்ல படிக்கத்தான் வந்தோம்னாங்க."

அரைமணி நேரம் ஆயிற்று அவரைச் சமாதானப்படுத்த. கல்லூரிக் கடிதத்தைக் காட்டினோம். அதைவிட, துளையிலிருந்து வந்த மண்ணை அவர் கையிலேயே கொடுத்தது வேலை செய்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "பதினஞ்சு அடியில கருங்களி வரும், அப்புறம் சிப்பி வரும் பாருங்க" என்றார். வந்தது. உப்பங்கழியாக இருந்த இடம் என்பதற்கு அந்தச் சிப்பியே சாட்சி. பயணத்துக்கு முன்பே ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லிவிடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. நிலம் தோண்டுகிறவர் அந்த நிலத்துக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் நிலவியல் பொறியாளர் படிக்க வேண்டியதுதான், அதற்குத் தாள் கிடையாது.

கடைசியாகக் கடற்கரை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்காலத்தில் கடல் இப்போதிருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் நீரிணையின் ஆழம் அதில் ஒரு சிறு பங்குதான். இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. நாம் இன்று டெல்டா என்று பார்க்கும் மேற்பரப்பின் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது. வேதாரண்யம் பக்கம் வடக்குத் தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் மணல்மேடுகள் பழைய கடற்கரைகள். சாலையும் வீடும் மேட்டில், நீர் தேங்குவது இடையிலுள்ள தாழ்வில்.

அந்த மணலில் கொஞ்சம் தோண்டினாலே குடிக்கிற தண்ணீர் ஊறும். கூப்பிடு தூரத்தில் உப்பளம். எப்படி? மழைநீர் உப்புநீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் வில்லைபோல மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால் உப்பு கீழிருந்து 40 மீட்டர் ஏறும். மணலை அள்ளி மேட்டைக் குறைத்தாலும் அதேதான்.

தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டிய கோட்டை நிற்கிறது. பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்து மாணவர்கள் ஏமாந்துபோவார்கள், இவ்வளவு சின்ன வாய்க்காலா என்று. கிளைகளுக்கெல்லாம் கொடுத்து முடித்த ஆறு அது. மேட்டூரில் 1934 முதல் வண்டல் தங்கிவிடுவதால் கரைக்கு வரவேண்டிய பங்கும் குறைந்துவிட்டது. முக்கொம்பில் ஒரு தீப்பெட்டி மணல், கும்பகோணத்தில் ஒன்று, பூம்புகாரில் ஒன்று எடுத்து வரிசையாக லென்ஸில் பார்த்தால், பருமணல் நுண்மணலாகிக் கரைவது தெரியும். கடற்கரை மணலில் கருமணிகளும் மின்னும்.

எப்போது போவது என்பதில்தான் கல்லூரிகள் தவறுகின்றன. வழக்கமாக மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். ஆற்றுப்படுகை தெரிவது அது மூடியிருக்கிற மாதங்களில். பயணங்களோ பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வைக்கப்படுகின்றன. அப்போது ஆறு நிறைந்து, வயல் சேறாகி, பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கும். மார்ச்சில் போகலாம். வெயில் கொளுத்தும், உண்மைதான். காலை ஆறு மணிக்கு இறங்கி பதினொன்றுக்கு ஏறிவிட வேண்டும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் இருக்கும், தண்ணீர் கொஞ்சம் இருந்தாலும் இறங்க விடக்கூடாது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைக்காமல் பேருந்து எடுக்கக்கூடாது. எங்கள் பயணத்தில் யாரும் பார்த்து வைக்கவில்லை, வகுப்பில் இருந்த ஆறு பெண்களும் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

பயணம் முடிந்ததும் அறிக்கை. முந்தைய ஆண்டு அறிக்கையின் தேதியை மாற்றிக் கொடுப்பது எங்கள் காலத்திலிருந்து வருகிற மரபு. திருவாரூர்ப் பெரியவர் நாங்கள் கிளம்பும்போது கேட்டார், "எழுதினதக் கொண்டாந்து காட்டுவீங்களா?" என்று. கட்டாயம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அறிக்கை துறை அலமாரிக்குப் போய்விட்டது. அந்தத் துளையின் மண் அடுக்கை ஒரு தாளில் தமிழில் வரைந்து வைத்திருக்கிறேன். சிப்பி வந்த ஆழத்தில் அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.